நாலு கடை வாசல்

தையல்கடை சண்முகப்பிரியா பத்தாவது குடம் தண்ணீரை ரோட்டில் கவிழ்த்ததும், பக்கத்து செல்போன் கடை சுதர்சன் சேரை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. நாலு கடை வாசலுக்கும் அவள் ஒருத்திதான் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றாத ஒரு நாளில், ஒரு மணப்பெண் தனக்குத் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டை உதறி, பறந்த தூசியைப் பார்த்துவிட்டு வாங்காமலே போய்விட்டாள். வரும் முகூர்த்தத்துக்கு இன்னும் ஏழு ஜாக்கெட் இருக்கிறது.

“ஆளுக்கு ரெண்டு குடம் ஊத்துனா என்ன?”

“எங்களுக்குத் தூசி பழகிடுச்சுக்கா.”

“அப்புறம் ஏன்டா ஈரமானதும் வெளிய வந்து உக்கார்ற?”

“குளுகுளுன்னு இருக்குல்ல.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியென்றால் அளவெடுத்து வெட்டலாம். தூசியில்லாத காற்றைத் தன் கடைக்கு மட்டும் எப்படி வெட்டுவது?

மறுநாள் தன் வாசலில் மட்டும் ஊற்றினாள். சேற்றைக் கண்ட லாரிகள் ஒதுங்கி, காய்ந்த பக்கமாகப் போயின. இரண்டு மடங்கு தூசி கிளம்பி நேராக அவள் கடைக்குள் வந்தது.

மெதுவாகவாவது போகட்டும் என்று ரோட்டோரம் கல் உருட்டி வைத்தாள். மெதுவாக வந்த டிரைவர்களுக்கு டீக்கடை கண்ணில் பட்டது. ஆறு லாரிகள் அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன.

டீக்கடை நிஜாமுதீன் கிளாஸோடு வந்தார். “மாஷா அல்லாஹ், நல்ல யோசனை தங்கச்சி! இன்னும் ரெண்டு கல்லு போட்டு வையி.”

“டீ வேணாம் பாய். ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க.”

“அதான் நீ ஊத்துறியேம்மா.”

டீயை வாங்கி ரோட்டில் ஊற்றினாள். அந்த இடத்தில் மட்டும் தூசி அடங்கியது.

கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஊராட்சி ஆபீசுக்குப் போனாள்.

“எல்லாத் தெருவுக்கும் தண்ணி வண்டி போவுது. எங்க தெருவுல இருக்கிறது மனுசங்க இல்லையா சார்?”

கிளார்க், வாசலில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் வண்டி டிரைவர் முருகையனைக் கைகாட்டினார்.

“மொதமொதல்ல ஒங்க தெருவுக்குத்தாங்க வண்டி விட்டாங்க,” என்றார் அவர். “ஒரு மாசம் வந்து பாத்தேன். எப்ப வந்தாலும் ரோடு ஈரமாவே கெடந்துச்சு. ‘இந்தத் தெருவுக்குத் தேவையில்ல’ன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”