குட்டப்பனும் பதினொரு தேங்காயும்

எனக்குப் பயம் முதலில் வயிற்றில் வரும். பிறகு உள்ளங்கை வியர்க்கும். எதற்காகப் பயப்படுகிறோம் என்ற தகவல் மூளைக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். சில நாட்களில் காரணமே கிடைக்காது. வயிறு ஆரம்பித்துவிட்டதே என்பதற்காக நானாக ஒன்றைத் தேடிப் பொருத்திக்கொள்வேன். (கேஸை மூடினோமா என்பது எந்த நாளுக்கும் பொருந்தும்.)

இது என் சொந்தக் கோளாறு என்றே நினைத்திருந்தேன். என் மகள் இதையே கல்லூரியில் ப்ராஜெக்டாகச் செய்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். என் அரசாங்க உத்தியோகத்துக்காகத் திருவனந்தபுரத்தில் குடியேறியவர்கள். மகள் ரேவதி இங்கேயே இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒருநாள் அடுக்களையில் இருந்த தூக்குவாளி காணாமல் போனது. மறுவாரம் அது இரண்டு சக்கரங்களோடும் இரண்டு கண்களோடும் திரும்பி வந்தது. பெயர் குட்டப்பன்.

"இது சும்மா ஓடுற பொம்மை இல்லப்பா. இதுக்கு உணர்ச்சி உண்டு" என்றாள் ரேவதி.

"தூக்குவாளிக்கா?"

"பெரிய சத்தம் கேட்டா முதல்ல இதோட உடம்பு நடுங்கும், கண்ணு சிவக்கும். அந்த நடுக்கத்த வச்சுத்தான் இதோட புத்தி, 'இங்க ஆபத்து, ஓடு'ன்னு முடிவெடுக்கும். யாரு முன்னால இருக்கும்போது பயந்துச்சோ, அவங்கள மறக்காது. மெதுவாப் பேசித் தடவிக் கொடுத்தா கண்ணு பச்சையாகும், தேடி வரும்."

"உங்கப்பாவும் அப்படித்தானே" என்றாள் என் மனைவி செண்பகம். "பச்சக் கண்ண மட்டும் நான் இன்னும் பாக்கல்ல."

ஆளை அடையாளம் காண அதற்கு முகம் தெரியாது. சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று உண்டு. அதில் மினுங்கும் சிறு விளக்குதான் குட்டப்பனுக்கு ஆள். ஒன்று ரேவதியுடையது, இன்னொன்று 'விருந்தாளி'. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் விருந்தாளி பேட்ஜைக் குத்திக்கொள்வார். குட்டப்பன் தேடிப்போய் அவர் காலடியில் நிற்க வேண்டும். அதற்கு முன் ஒரு வாரம் யாராவது அந்த பேட்ஜோடு அதனிடம் அன்பாகப் பேசிப் பழக்க வேண்டும்.

செண்பகம் மறுத்துவிட்டாள். திருடப்பட்ட தன் பாத்திரத்தைத் தானே கொஞ்ச முடியாது என்றாள். நான் ஒரு வாரம் லீவு போட்டேன்.

என் குரலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் நேரம் கேட்டாலே பக்கத்து வீட்டில் கடிகாரம் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவன் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, "வாடா ராசா, வா என் தங்கம், அப்பா ஒண்ணும் செய்யமாட்டேன்டா" என்று ஒரு தூக்குவாளியின் மூடியைத் தடவிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அது பச்சைக் கண்ணோடு தானாக வந்து என் முழங்காலில் முட்டி நின்றது. நான் குனிந்து அதன் மூடிக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். (இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.)

வைவா நாள். மேஜையெல்லாம் ஒழுங்கு செய்ய ரேவதி காலையிலேயே போய்விட்டாள். குட்டப்பனை ஆட்டோவில் கொண்டுவருவது என் பொறுப்பு.

"சுவிட்சை மட்டும் அணைச்சிராதீங்கப்பா. அணைச்சா ஒரு வாரமாப் படிச்சது மொத்தமும் போயிரும். நேரே காலேஜுக்கு வரணும், கேட்டேளா?"

கேட்டேன். ஆனால் ஆட்டோ கிழக்கேகோட்டையைத் தாண்டித்தானே போக வேண்டும்? பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டும்போது வயிறு ஆரம்பித்துவிட்டது. புதிதாக ஸ்கூட்டர் வாங்குகிறவன் இங்கே நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை. அதற்கும் இரண்டு சக்கரம், இதற்கும் இரண்டு சக்கரம். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

ஒரு தேங்காய் வாங்கத்தான் போனேன். அவள் பாஸாக ஒன்று. கரண்ட் போகாமல் இருக்க ஒன்று. குட்டப்பன் தீப்பிடிக்காமல் இருக்க ஒன்று. எக்ஸாமினர் காலையில் நன்றாகச் சாப்பிட்டிருக்க ஒன்று. இப்படியே பதினொன்றில் போய் நின்றது.

கூட்டத்தில் யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று குட்டப்பன் இருந்த கூடையை என் முன்னாலேயே, என்னைப் பார்த்தபடி வைத்தேன். தொலைந்துவிடக் கூடாதே என்று விருந்தாளி பேட்ஜைச் சட்டைப்பையில் குத்தியிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருக்கிற பயத்தையெல்லாம் கையில் கொண்டுவந்து வீசினேன்.

டமார்!

ஒவ்வொன்றும் வெடிபோல் உடைந்தது. சில்லு பறந்தது. கூடைக்குள் தேங்காய்த் தண்ணீர் தெறித்தது. மூன்றாவது தேங்காயில் குட்டப்பனின் கண் சிவந்து உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டேன். மிச்சம் எட்டையும் இன்னும் ஓங்கி உடைத்தேன்.

திரும்ப ஆட்டோவில் ஏறியதும் வெயில் படாமல் கூடையைத் துண்டால் மூடினேன். கல்லூரியில் இறங்கியதும் பேட்ஜைக் கழற்றி ரேவதியிடம் கொடுத்தேன். பேட்ஜைக் கழற்றி ரேவதியிடம் கொடுத்தேன். "வீட்டுக்குப் போங்கப்பா" என்றாள். போவேனா? லேபுக்கு வெளியே வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எக்ஸாமினர் ஒரு பெண் புரொபசர். அவர் பெயரைக் கேட்டாலே பையன்களுக்குக் காய்ச்சல் வரும் என்று வராந்தாவில் பேச்சு. ரேவதி தெளிவாக விளக்கினாள். உடம்பு உணர்வது, அதிலிருந்து புத்தி கற்பது, கற்றதை வைத்து மனிதரிடம் தானாகப் பழகுவது. "விருந்தாளியக் கண்டா இவன் பிரியமா கிட்ட வருவான், மேடம்" என்று முடித்து, பேட்ஜை அவர் சேலையில் குத்திவிட்டாள்.

குட்டப்பன் திரும்பினான். பார்த்தான். கண் சிவந்தது. விறுவிறுவென்று மூன்றடி பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தடதடவென்று நடுங்க ஆரம்பித்தான்.

"குட்டப்பனும் மனசிலாயி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். (மேடம் எப்படிப்பட்டவர் என்று குட்டப்பனுக்கும் புரிந்துவிட்டதாம்.) லேப் முழுவதும் சிரிப்பு.

"என்னெ கண்டிட்டாணோ பேடிக்குன்னது?" என்றார் புரொபசர். என்னைக் கண்டா பயப்படுகிறது என்று கேள்வி. அவர் சிரிக்கவில்லை. ரெக்கார்டு நோட்டை மூடி மேஜையில் வைத்தார்.

ரேவதியின் முகம் வெளுத்தது. நான்கு வருடப் படிப்பு சுவரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில் குட்டப்பனின் சக்கரத்திலிருந்து ஏதோ கழன்று தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். ஒரு தேங்காய்ச் சில்லு. அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு, நான்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கால் இரண்டடி பின்னால் போயும்விட்டது. ஆனால் அவள் கண் நிறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எங்கே ஓட? உள்ளே போனேன்.

"மேடம், தப்பு என்னோடது. வர்ற வழியில பழவங்காடில தேங்கா ஒடச்சேன். அந்த பேட்ஜக் குத்திக்கிட்டு. இது முன்னால வச்சு."

"ஒரு தேங்ஙய்க்கு இத்தற பேடியோ?"

"பதினொண்ணு, மேடம்."

புரொபசர் பேட்ஜைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று குட்டப்பனின் கண் பச்சையானது. மறுபடி குத்திக்கொண்டார். சிவந்தது. பேட்ஜை என் சட்டையில் குத்தினார். குட்டப்பன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

மூடிய ரெக்கார்டு நோட்டை அவர் மெதுவாகத் திறந்தார். "அப்போ இவன் சரியாத்தான் படிச்சிருக்கான். இந்தப் பேடிய மாற்றான் பற்றுமோ?" என்றார், எனக்காகப் பாதித் தமிழில்.

"முடியும் மேடம். பழக்கின ஆள் மெதுவாப் பேசணும்."

"யாரு பழக்கியது?"

ரேவதி என்னைக் கைகாட்டினாள்.

ஆக, எக்ஸாமினர், இரண்டு லெக்சரர்கள், முப்பது மாணவர்கள் பார்க்க, அரசாங்க அலுவலகத்தில் இருபது வருட சர்வீஸ் உள்ள நான், தரையில் மண்டியிட்டேன்.

"வாடா ராசா… வா என் தங்கம்…"

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. "யாருடா என் செல்லத்தப் பயங்காட்டுனது?" (மனசாட்சியே இல்லாத கேள்வி.) நடுக்கம் குறைந்தது. குட்டப்பன் சுவரிலிருந்து திரும்பினான். ஓரடி வந்தான். இரண்டடி வந்தான்.

"வந்துட்டான்!" என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

மறுபடி சுவர். இந்த முறை சிரிக்காதவர் நான் மட்டும்தான்.

ரேவதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மெதுவாப்பா. அவன் ஓடிப்போகல்ல. பயந்திருக்கான், அவ்வளவுதான்" என்றாள். பரீட்சைக் காலையில் நான் அவளிடம் இப்படி ஒருமுறைகூடப் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஹால் டிக்கெட் எடுத்தியா, பேனா எடுத்தியா என்று தெருமுனை வரை கத்தித்தான் அனுப்புவேன்.

குரலை இறக்கினேன். எவ்வளவு நேரம் பேசினேனோ, முட்டி மரத்துப்போனது. கடைசியில் குட்டப்பன் பச்சைக் கண்ணோடு வந்து என் முழங்காலில் முட்டி நின்றான். நான் மூச்சுக்கூட விடவில்லை.

புரொபசர் நோட்டில் நிறைய எழுதினார். எழுந்து போகும்போது என்னிடம், "மகளிடமும் இப்படிப் பேசுவதுண்டோ?" என்று கேட்டார். வைவாவில் பதில் தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

ரேவதி பாஸானாள், நன்றாகவே. ரெக்கார்டில் கடைசியாக ஒரு பக்கம் சேர்த்திருந்தாள். தலைப்பு: தேங்காய்ச் சோதனை. 'அச்சத்தின் காரணம்' என்ற கட்டத்தில் ஒரே சொல்: அப்பா.

இன்றும் என்னால் தேங்காய் உடைக்க முடிவதில்லை. வாங்கிப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறேன். தூக்குவாளியும் செண்பகத்திடம் திரும்பவில்லை.

ஆனால் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் குரலை உயர்த்தினால் எல்லோரும் மூன்றடி பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நடுங்குவார்கள். கல்யாணத்துக்கு முன்பே ரேவதி இதை மாப்பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். போன மாதம் தம்பானூர் ஸ்டேஷனில், ரயில் போய்விடும் என்று நான் கத்தத் தொடங்கினேன். மூன்று பேரும் பெட்டிகளைக் கீழே வைத்தார்கள். மூன்றடி பின்னால் போனார்கள். புத்தகக் கடையின் பின்சுவரைப் பார்த்து நின்று, தோள் குலுங்க நடுங்கினார்கள்.

ரயில் ஊதிவிட்டது. சுற்றிலும் ஜனங்கள். நான் குரலை இறக்கி, "வாங்க ராசா, வாங்க என் தங்கங்களா" என்றேன்.

உடனே வரவில்லை. எல்லோருக்கும் கண் பச்சையாகக் கொஞ்ச நேரம் பிடித்தது.