கேசரியைப் பிரித்த கதை

பதற்றமும் படிப்பும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது. பதற்றம் மட்டும் இருந்தால் அழுதுவிட்டு ஓய்ந்துவிடலாம். கூடவே படிப்பும் இருந்தால், எதையாவது செய்யச் சொல்லிக் கை பரபரக்கும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுத் திருத்தங்கலில் சும்மா இருந்த காலத்தில், என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கை அப்படித்தான் பரபரத்தது.

மாப்பிள்ளைக்கு விருதுநகர். அச்சுக் கோர்க்கும் வேலையில் தொடங்கி, சொந்தமாகச் சின்ன பிரஸ் வைத்திருந்தார். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் "உங்க இஷ்டம்" என்று சொல்லித் தரையைப் பார்த்தேன்.) முந்தைய இடம் "பொண்ணு ரொம்பப் படிச்சிருக்கு" என்று தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று காலையிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பூ வாங்கக் கிளம்பிய அம்மா வாசலில் நின்று சொன்னாள்: "ஏட்டி, ரவையையும் சீனியையும் டப்பாவுல தட்டி வையி. வந்து கேசரி கிண்டுறேன்."

தட்டி வைத்தேன், ஒரே டப்பாவில். சீனிக்கென்று எடுத்து வைத்த இன்னொரு டப்பா காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. மேலாகக் கிடந்த சீனியை மட்டும் அள்ளிவிடலாம் என்று கரண்டியைப் போட்டுத் துழாவி, இரண்டையும் நன்றாகக் கலந்தும் விட்டேன்.

ஒத்தாசைக்கு வந்திருந்த சித்தி எட்டிப் பார்த்தாள். சித்திக்குக் காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை.

"ஐயய்யோ, அம்புட்டும் கலந்துபோச்சே! ஒங்கம்மா வந்தா தோலை உரிச்சிருவாளே!"

"இப்ப என்ன சித்தி செய்ய?"

"என்னையக் கேட்டா? நீதான கெமிஸ்ட்ரி படிச்சவ. பிரிக்கிறதுக்கு வழி சொல்லாமலா பாஸ் போட்டாக?"

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. முதலில் சலித்தோம். ரவையும் சீனியும் கிட்டத்தட்ட ஒரே பருமன், இரண்டும் சேர்ந்தே கீழே இறங்கின. சித்தி சுளகில் போட்டுப் புடைத்தாள். பறந்தது கொஞ்சம் ரவைதான், அதுவும் என் தலையில் வந்து தங்கியது. அப்போதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டாள். சீனி தண்ணீரில் கரையும், ரவை கரையாது. வடிகட்டினால் ரவை துணியில் நிற்கும். தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்தால் சீனி திரும்பக் கிடைக்கும். சித்தி என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

பழைய வேட்டியில் வடிகட்டினோம். சீனித் தண்ணீர் அடுப்பேறியது. ஈர ரவையைக் காயப்போட வேண்டும். எங்கள் ஊரில் எதைக் காயப்போட்டாலும் அடியில் விரிப்பது பிரஸ் கழிவுத் தாள்தான். முதல் நாள் சித்தி கொண்டுவந்திருந்த பெரிய தினசரி காலண்டர் தாள்களை வாசலில் விரித்து ரவையைப் பரப்பினோம். மை காய்ந்ததா என்று இருவருக்குமே பார்க்கத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறியதும் மிஸ்டு கால் கொடுப்பதாகப் பேச்சு. செல்போன் அம்மாவோடு பூ வாங்கப் போயிருந்தது. ஆகவே நான் நைட்டியோடு உட்கார்ந்து ரவையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அது அடை மாதிரி பெயர்ந்து வந்தது. அடிப்பக்கமெல்லாம் சிவப்பு, நீல எழுத்துகள், இடம் வலம் மாறி. நிமிர்ந்தால் கையில் பூவோடு அம்மா நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், பஸ் ஸ்டாண்டில் சந்தித்துச் சேர்ந்தே வந்துவிட்ட மாப்பிள்ளையும் அவர் அம்மாவும்.

"என்னத்தம்மா காயப்போட்டிருக்கே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ரவைங்க. சீனியோட கலந்துபோச்சு. கரைச்சு வடிகட்டிப் பிரிச்சுட்டேன்." (பிராக்டிகல் பரீட்சை மாதிரியே ஒப்பித்தேன்.)

"ரவை எதுக்கு வாங்கினது?"

"கேசரிக்கு."

"சீனி?"

"அதுவும் கேசரிக்குத்தா..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. "அட, ஆமா!" என்றாள் சித்தி. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்தார். "இதுல என்னமோ எழுதியிருக்கே?"

அச்செழுத்தைத் திருப்பி வாசித்தே பழகிய மாப்பிள்ளை, யோசிக்காமல் உரக்கப் படித்தார்: "எமகண்டம், பத்தரை டு பன்னெண்டு."

அவர் அம்மா மகனின் வாட்சைப் பார்த்தார். மணி பத்தே முக்கால். முகம் மாறி, வாசற்படியிலிருந்து காலைப் பின்னால் எடுத்தார். இதுவும் போயிற்று என்று என் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "எம்மா, இது திங்கக்கிழமைத் தாளு. இன்னைக்கு ஞாயிறு. வாங்க உள்ள."

உள்ளே காராச்சேவும் டீயும் இருந்தன. இனிப்பு இல்லை. அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து கருகல் வாடை வந்தது. நான் மறந்தே போன சீனி, சட்டியோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, கத்தி வாங்கி, ஒரு பழுப்புத் துண்டைப் பெயர்த்து மகன் வாயில் போட்டார். அவர் கடித்த சத்தம் முன்வாசல் வரை கேட்டது.

"இனிப்பு தின்னாச்சு. பேசி முடிச்சிருவோம்," என்ற மாப்பிள்ளையின் அம்மா, என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "பொண்ணு ரொம்பப் படிச்சதுன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். இப்ப அந்தப் பயம் போச்சு."

கல்யாணமாகி இத்தனை வருடமாகியும், எங்கள் வீட்டில் யாராவது கேசரி கேட்டால் மாமியார் ஒரு தட்டில் ரவையும் ஒரு கிண்ணத்தில் சீனியும் எடுத்து வந்து என் முன்னால் வைப்பார்.

"இந்தா, பிரிச்சே குடுத்துட்டேன். கலக்குறது ஒம்பாடு."