ஓக் மரம் வாங்கிக்கொண்ட சர்க்கரை நோய்

ஸ்தாரோடெம்ப் ஊரின் மூன்று கிழட்டு ஓக் மரங்களை அதுவரை நாய்கள் மட்டுமே மதித்துவந்தன. இந்த வசந்தத்தில் நிலைமை மாறியது. போலந்தின் நாலா மூலையிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்திறங்கியவர்கள் நடுமரத்தைக் கட்டிப்பிடிக்க வரிசையில் நின்றார்கள். அறுநூறு வயதான அந்த மரம் மனிதரின் நோயை உறிஞ்சிக்கொள்கிறதாம். கண்டுபிடித்தவர் ஜெனோன். போன வருஷம்வரை பழைய கார் விற்றவர். இப்போது வெள்ளை அங்கியும் ஓக் காய் மாலையுமாக நின்றார்.

முறை எளிது. மரப்பட்டைத் துண்டு ஒன்றை நோயுள்ள இடத்தில் தேய்க்க வேண்டும். ஜெனோன் அதன்மேல் 'வேர்த் தீர்த்தம்' தெளிப்பார். பட்டை கண்ணெதிரே கறுத்துப்போகும். நோய் இறங்கிவிட்டது என்று அர்த்தம். காணிக்கைப் பெட்டியை மட்டும் ஜெனோனே கவனித்துக்கொண்டார். மரத்துக்குத்தான் சட்டைப்பை இல்லையே.

பீப்பாய் செய்யும் போஜெனா இதையெல்லாம் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், தங்கை ஹலினா கறுத்த பட்டையோடு வந்து இனி இன்சுலின் ஊசி வேண்டாம் என்று சொல்லும்வரை. போஜெனா கெஞ்சினாள், திட்டினாள். பலிக்கவில்லை. மூன்றாம் நாள் ஹலினா சமையலறையில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, மரம் எப்படி இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை போஜெனாவும் வரிசையில் நின்றாள். கையில் அன்று காலை இழைத்த ஓக் பீப்பாய் மூடி. முறை வந்ததும், ஜெனோன் தடுப்பதற்குள் தீர்த்தக் குடுவையை எடுத்து மூடியில் ஊற்றினாள். மூடி கறுத்தது.

"ஐயா, இதுக்கு என்ன நோய்? மூட்டு வலியா, சர்க்கரையா?"

ஜெனோன் அசரவில்லை. வரிசையில் நின்றவர்களின் நோயையெல்லாம் மூடி இழுத்துக்கொண்டது என்றார். கூட்டம் பக்தியோடு தலையாட்டியது.

போஜெனாவும் சரி என்றாள். இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் நெஞ்சில் புதுப் பட்டையைத் தேய்த்து, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை அதில் ஊற்றினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டை பழுப்பாகவே இருந்தது. பெரியவர் இருமினார்.

பிறகு குடுவையைக் கவிழ்த்தாள். காடி நாற்றத்தோடு துருப்பிடித்த ஆணிகள் கலகலவென்று கொட்டின.

"ஈரத்துல இரும்பு பட்டா ஓக் கறுக்கும். பீப்பாய் பட்டறையில பெருக்குறவனுக்குக்கூட இது தெரியும். இதை நம்பித்தான் என் தங்கச்சி ஊசியை விட்டா."

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது ஜெனோன் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பெட்டியோடு போக விடவில்லை; அந்த அளவுக்கு மட்டும் அன்றைக்கு எல்லோருக்கும் புத்தி வந்திருந்தது.

ஹலினா மறுபடியும் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஆனால் அன்று, கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கிய ஒரு அம்மாள், இது முழங்காலுக்குக் கேட்குமா என்று போஜெனாவிடம் விசாரித்தாள்.

"தலையில தேய்ங்கம்மா. உள்ள தூங்குறது முழிச்சாலும் முழிக்கும்."

அறுநூறு வருஷமாக எதையும் யோசிக்காமல் நிற்க அந்த ஓக்குக்கு உரிமை உண்டு. அது மரம். நமக்கு என்ன வந்தது?