ஒரே நம்பர், ஒரே நோயாளி

மத்தாரே சேரிவாசிகள் மருத்துவச் சீட்டை அடிக்கடி தொலைத்துவிடுகிறார்கள் என்பதில் அரசுக்கு மிகுந்த மனவேதனை. ஆகவே, இளைஞர் நலனை முன்னிட்டுச் சீட்டை ஒழித்து, எங்கள் உடம்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உத்தரவாயிற்று. பதிய ஒரு போன் நம்பர் வேண்டும். எங்கள் சந்தில் இளவட்டம் இருபத்துமூன்று பேர். உயிரோடிருக்கும் போன், சப்பாத்தி போடும் முத்திசோ அண்ணனுடையது ஒன்றுதான். யார் எதற்குக் கேட்டாலும் அந்த நம்பரைத்தான் கொடுப்போம். அன்றும் கொடுத்தோம்.

ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்பது கம்ப்யூட்டரின் கொள்கை.

அடுத்த வாரம் எங்களில் ஒருத்தியான அவுவோருக்கு இளைப்பு வந்தது. பத்தொன்பது வயதுப் பெண். நாலு வார்த்தை பேசினால் நெஞ்சு விசிலடிக்கும். இன்ஹேலர் வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பதிவு அதிகாரி வெக்கேசா திரையைப் பார்த்தார்.

"கால்ல மாவுக்கட்டு இருக்கே. அதைப் பிரிக்காம புது வியாதியப் பதிய முடியாதும்மா."

"கால் ரெண்டும் நல்லா இருக்கு சார், பாருங்க!"

"நான் பாக்கக் கூடாது. அது பழைய முறை. இப்ப கம்ப்யூட்டர்தான் பாக்கும்."

அதே நம்பரைக் கொடுத்திருந்த, பந்தாட்டத்தில் காலை முறித்துக்கொண்ட ஒட்டுவோமாவைத் தூக்கி வந்தோம். கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

"பிரமாதம்! இனி பிரசவம் மட்டும்தான் பாக்கி. ஏழு மாசம் காட்டுது."

"ஐயோ சார், அது பக்கத்து வீட்டுக் கெமுந்தோ!"

"யாரா வேணா இருக்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வாம்மா. அதுவரைக்கும் மூச்சைச் சிக்கனமா விடு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இருபத்துமூன்று பேரையும் திரட்டி அவர் மேஜைமுன் நிறுத்தினேன்.

"இதோ பாருங்க சார், நாங்க இத்தனை பேர்!"

"ஒரு நோயாளிக்குத் துணை இத்தனை பேரா? ஒருத்தர் இருங்க, மத்தவங்க வெளிய போங்க."

மாதக் கடைசியில் பெரிய அதிகாரி மாலையும் பேனருமாக எங்கள் சந்துக்கு வந்தார். நோயாளிகள் எண்ணிக்கை இருபத்துமூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்த வரலாற்றுச் சாதனைக்குப் பாராட்டு விழா. ஒரு நோயாளிக்காக ஓர் ஆஸ்பத்திரி வீண் என்பதால், அதை வேறு பேட்டைக்கு மாற்றுவதாக அறிவித்தார். பலமாகக் கைதட்டினோம், பனியன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

நோயாளி ஒருவர்தானே, பனியனும் ஒன்றுதான் வந்தது. அதற்காக இருபத்திரண்டு பேர் மண்ணில் புரண்டு சண்டை போட்டோம். அவுவோர் மட்டும் சண்டைக்கு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சுக்காக.