பயத்துக்கு இங்கிலீஷ்

தலைமை அலுவலக அதிகாரி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 'வாய்ப்பூட்டு' என்று பெயரெடுத்தவளுக்குக் கையுறைக்குள் விரல்கள் வியர்த்து வழுக்கின.

மேலாளர் உத்தரவுப்படி, பரிசோதனைகளை அதிகாரிக்கு இங்கிலீஷில் விளக்க வேண்டும். அவர் தலையசைத்தால் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் இந்த மாதத்தோடு வீடு.

"அக்கா, என்னால முடியாது. சார்கிட்ட சொல்லிடப் போறேன்," என்றாள் பக்கத்து மேஜைக்காரியிடம்.

"தாராளமா சொல்லு. ஆனா இங்கிலீஷ்ல சொல்லணும். பயிற்சியாம். காலையிலேருந்து தமிழ்ல பேசினா சார் காதுலயே வாங்க மாட்டேங்கிறார். பாத்ரூம் சாவி வாங்குறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் மேலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், ஐ ஆம் நெர்வஸ்."

"எவ்ரிபடி நெர்வஸ். கோ, கோ."

"அந்த வார்த்தை தேஞ்சு போச்சுடி," என்றாள் அக்கா, போனைத் தடவியபடி. "பஸ் லேட்டானாக்கூட நெர்வஸ்ங்கிறாங்க. கொஞ்சம் கனமா எடுத்துட்டுப் போ. இந்தா, 'ஐ ஹேவ் லாஸ்ட் மை நெர்வ்.' தைரியமே போச்சுன்னு அர்த்தம்."

போய்ச் சொன்னாள். மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வெரி குட் சென்டென்ஸ்! வெல்கம் ஸ்பீச் ஆல்சோ யூ."

திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்து அக்கா பதறினாள். "என்னடி ஆச்சு?"

"வரவேற்புரையும் என் தலையில."

"அப்ப வார்த்தை பத்தலை. 'கோல்டு ஃபீட்'னு ஒண்ணு போட்டிருக்கு. கடைசி நேரத்துல துணிச்சல் போயிட்டா அப்படித்தான் சொல்வாங்களாம்."

'கோல்டு ஃபீட்' அவளுக்குக் கேள்வி நேரத்தை வாங்கிக் கொடுத்தது. 'ஃபெயின்ட் ஹார்ட்டட்' நன்றியுரையை. கடைசியாக, கோழை என்பதற்கு மூச்சு முட்டச் சொன்ன 'பியூசிலானிமஸ்'ஸுக்கு மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால், அவருக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

"ஃபுல் புரோகிராம் யூ! ஐ சிட். ஐ ஸ்மைல்."

அவள் மேஜைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமே பயப்படவே பயமா இருக்கு."

அக்கா போனை மூடினாள். "அது கிடக்கட்டும். ஒண்ணு கவனிச்சியா? அஞ்சு தடவை தனியா உள்ள போய் சார்கிட்ட இங்கிலீஷ்ல பேசிட்டு வந்திருக்கே. வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து நீ தமிழ்லகூட இவ்வளவு பேசினதில்லை."

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அதுவும் கடைசித் தடவை கதவைத் தட்ட மறந்தே போயிருந்தாள்.

சொன்ன நேரம் தாண்டியது. அதிகாரி வரவில்லை. மேலும் ஒரு மணி நேரம் போனது.

"ஸ்ட்ரிக்ட் மேன். டெஸ்டிங் அஸ்," என்று மேலாளர் நெற்றியைத் துடைத்தார். "கோ. கேட். ரிசீவ்."

வாசலுக்குப் போய் வரவேற்பதையும் அவளே செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் இந்த முறை எந்த வார்த்தையையும் தேடாமல் படியிறங்கினாள்.

வாசலுக்கு வெளியே, மரத்தடியில், கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்ட ஒரு கார் நின்றது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு நேராக அதனருகே போனாள்.

"குட் ஆஃப்டர்நூன், சா..."

"ஐயோ, மெதுவாம்மா!" கார் ஓட்டுநர் குறுக்கே ஓடி வந்தார். "தமிழ்ல கூப்பிடுங்க. இங்க எல்லாரும் இங்கிலீஷ்லதான் பேசுவாங்கன்னு உங்க மேலாளர் போன்ல சொல்லிட்டாராம். ஒரு மணி நேரமா எங்க சார் வண்டியை விட்டு இறங்க மாட்டேங்கிறார்!"