சூரியனை நகர்த்தச் சொன்ன மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய இயற்பியல் வாத்தியார் அவர்களுக்கு, தங்கள் அக்காளைக் கட்டிக்கொண்ட பெயின்டர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்; நலமில்லாதது பள்ளிக்கூடச் சுவர் மட்டும்தான். தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவனை ஆணி அடிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சுகத்துக்கு என்ன குறை?

முப்பது வருடமாகக் கடைப் பலகை எழுதுகிறேன். ஒன்றிலாவது என் பெயர் உண்டா? இந்தச் சுவரில்தான் முதன்முதலாக, கீழ் மூலையில் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். ஆணி அடித்து, மூன்றடி நூல் கட்டி, பூமி சுற்றுகிற பாதையை வட்டமாகப் போட்டேன். பிசகில்லாமல் நட்டநடுவில் சூரியன். பார்த்தவர்களெல்லாம் காம்பஸ் தோற்றுவிடும் என்றார்கள். என் போதாத காலம், அதைப் படம் பிடித்துத் தங்களுக்கு அனுப்பினேன். "ஐயோ அத்தான், சூரியன் நடுவுல இருக்கக் கூடாது. பாதை நீள்வட்டம். பூமி ஒரு சமயம் கிட்ட வரும், ஒரு சமயம் தள்ளிப் போகும்" என்றாய். கூடவே ஒரு படம்: இரண்டு ஆணி, தொளதொளவென்று ஒரு நூல், ஒரு ஆணியில் சூரியன். "இன்னொரு ஆணியில என்னப்பா வரையணும்?" என்று கேட்டேன். "அங்க ஒண்ணுமே கிடையாது அத்தான்." ஒன்றுமே இல்லாத இடத்தில் என்னை ஆணி அடிக்க வைத்த ஒரே ஆள் நீதான்.

வட்டத்தின் மேல் வெள்ளை அடித்து, உன் படத்தை அப்படியே பெரிதாக்கிப் போட்டேன். பெரிய முட்டை, அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு சூரியன். முதலில் வந்தவர் வாட்ச்மேன். "கிட்ட வர்றது எந்த மாசம் பெயின்டரே?" நீ சொன்னபடி ஜனவரி என்றேன். "கிட்ட வர்றப்ப கம்பளி போத்திக்கிறேன், தள்ளிப் போறப்ப வேர்த்து ஊத்துதே, அது எப்படி?" உனக்குப் போன் போட்டால், வெயிலும் குளிரும் பூமியின் சாய்வால் வருவது, தூரத்தால் அல்ல என்று சாவகாசமாகச் சொல்கிறாய். அதற்குள் பெற்றோர் ஒருவர், "வரையறப்போ பெயின்டர் நிதானத்துல இருந்தாரா?" என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று தலைமையாசிரியை என்னை எதிரில் நிறுத்தி, ஸ்பீக்கரில் உன்னோடு பேசினார். என்ன சொன்னாய்? "அது பிள்ளைங்களுக்குப் புரியறதுக்காகக் கொஞ்சம் இழுத்துப் போட்ட படம் மேடம். நிஜத்துல பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். அந்தச் சுவர் அளவுக்கு, சூரியன் நடுவுலேருந்து அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல தள்ளியிருந்தாப் போதும்." அரை அங்குலம்! நீ கொஞ்சம் இழுத்ததில் என் மானம் மொத்தமாகப் போயிற்று. திங்கட்கிழமைக்குள் திருத்தாவிட்டால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, பெயரும் கிடையாது. வீட்டுக்கு வந்து அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து ஏணியைப் பிடி. அக்காள் உன்னை விசாரித்தாள், நான் விசாரிக்கவில்லை. நீயும் உன் நூலும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: வர வேண்டாம். காலையில் வெள்ளையைச் சுரண்டி என் பழைய வட்டத்தை வெளியே எடுத்தேன். அன்று ஆணியைப் பிடுங்கும்போது ஒரு பக்கம் காரை பெயர்ந்துவிட்டது. அதை மறைக்கச் சூரியனைச் சற்று ஒதுக்கி வரைந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது டேப் வைத்து அளந்தேன். அரை அங்குலம், அதற்குக் கொஞ்சம் மேல். மூலையில் என் பெயர் காய்ந்துகொண்டிருக்கிறது. தலைமையாசிரியை போன் செய்தால், அத்தான் கணக்குப் போட்டுத்தான் தள்ளி வைத்தார் என்று சொல்.