மாமனாரைப் பூட்டிய பித்தளைக் குமிழ்

பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவனுக்கு ஒரு கட்டத்தில் மண்டைக்கனம் வந்துவிடும். எனக்கு வந்தது. அதனால் என் கல்யாணமே கைநழுவிப் போகப் பார்த்தது.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் வளர்ந்த தமிழன். வாரத்தில் ஐந்து நாள் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெலிங்டன் தீவில் இருக்கும் ஒரு பழைய ரயில்வே ஷெட்டுக்குப் போய்விடுவேன். அங்கே என்னைப் போன்ற தன்னார்வலர்கள் பத்துப் பேர் சேர்ந்து, மரத்தால் ஆன பழங்காலத்து ரயில் பெட்டி ஒன்றைச் சீர்செய்துகொண்டிருந்தோம். சம்பளம் கிடையாது, சாயாவும் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் உண்டு. (பழம்பொரி இல்லாத வாரங்களில் ஆர்வம் குறையும் என்பது வேறு விஷயம்.)

எனக்குக் கொடுத்த வேலை, பெட்டியின் கழிவறைக் கதவுப் பூட்டு. கேவலமாக நினைக்காதீர்கள். கனமான பித்தளைப் பூட்டு அது. கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் திறக்க ஒரு குமிழ். வெளியிலிருந்து ரயில் கார்டு திறக்க ஒரு சதுர ஓட்டை, அதற்கென்று ஒரு சதுரச் சாவி. அந்தக் குமிழை மூன்று ஞாயிறு புளி போட்டுத் தேய்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது, இருப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகவே. இப்பேர்ப்பட்ட அழகைக் கழிவறைக்குள் ஒளித்துவைப்பதா? பூட்டைத் திருப்பி, குமிழ் வெளியே தெரியும்படி மாட்டினேன். குமிழைத் தண்டோடு சேர்த்துப் பிடித்திருந்த துருப்பிடித்த குட்டி ஸ்க்ரூ கண்ணை உறுத்தியது. அதையும் கழற்றிக் கடாசினேன்.

மறுவாரம்தான் ரேவதியின் அப்பா என்னைப் பார்க்க வந்தார்.

ரேவதி என் ஆபீஸ்காரி. இரண்டு வருடமாகக் கல்யாணத்துக்குக் காத்திருந்தோம். அவள் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா மட்டும், "பையனை ஒரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அவர் நகராட்சிச் சுகாதார ஆய்வாளர். அவர் தலை தெரிந்தாலே ஓட்டல் சமையல்காரர்கள் தொப்பியைத் தேடுவார்களாம். வீட்டில் பார்ப்பதைவிட, நான் ஊருக்காகப் பாடுபடும் இடத்தில் பார்க்கட்டும் என்று அவரை ஷெட்டுக்கு வரச்சொன்ன அறிவாளி நான்தான்.

வந்தார். வணக்கம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். பெட்டிக்குள் ஏறியதும், "டாய்லெட் எங்க?" என்றார். ஏதோ அவசரம் போல என்று நினைத்தேன். பையிலிருந்து டார்ச்சை எடுத்தபோதுதான் அது ஆய்வு என்று புரிந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பாராம். உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, இதைத் தொறக்குறது எப்படி?"

"இதோ சார்" என்று குமிழைத் திருகினேன். கையோடு வந்துவிட்டது. தண்டு பூட்டுக்குள் எங்கோ இறங்கிவிட்டது. இனி திறக்க வேண்டுமென்றால் சதுரச் சாவிதான். சாவி எங்கள் பக்கம் இருந்தது. என் புண்ணியத்தில் சதுர ஓட்டை அவர் பக்கம் இருந்தது.

நான் சுத்தியலைத் தூக்கினேன். எங்கள் குழுத் தலைவி ஜெஸ்ஸி சேச்சி குறுக்கே வந்து நின்றார். "கதவுல ஆரும் தொடண்டா. தேக்காணு. அஞ்சு மாசத்தெ பணியாணு." தேக்குக் கதவு, ஐந்து மாத வேலை, யாரும் தொடக்கூடாதாம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். உள்ளே இருக்கும் மனிதரைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. (அவர் வேறு யாராவதாக இருந்தால் நானும் கதவின் பக்கம்தான் நின்றிருப்பேன்.) கதவுக்கு அடியில் சாவியைத் தள்ளலாம் என்றால், நாங்கள் இழைத்துப் பொருத்திய அழகில் ஒரு தாள்கூட நுழையாது. ஜன்னலில் பழங்காலத்துப் பூக்கண்ணாடி. அதன் பக்கம் திரும்பியதற்கே சேச்சி முறைத்தார்.

"அடியில ஓட்டை உண்டல்லோ" என்றார்.

உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கழிவறை நேரே தண்டவாளத்தைப் பார்த்துத்தான் திறந்திருக்கும். கோப்பையை நாங்கள் இன்னும் பொருத்தவில்லை. தரையில் வெறும் ஓட்டைதான். பெண் வீட்டார் வருகிறார்களே என்று இஸ்திரி போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்கு அடியில் தவழ்ந்தேன். மல்லாந்து படுத்து மேலே பார்த்தால், வட்டத்துக்குள் என் வருங்கால மாமனாரின் முகம்.

சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"யாரு இந்தப் பூட்டை மாட்டுனது?"

யார் பெயரையாவது சொல்லியிருக்கலாம். போன மாதம்தான் எங்களில் ஒருவர் துபாய்க்குப் போயிருந்தார். அவர் பெயர் வாய்வரை வந்தது. ஆனால் கழிவறை ஓட்டைக்கு அடியில் படுத்துக்கொண்டு பொய் சொல்லத் தனித் தைரியம் வேண்டும். எனக்கு இல்லை.

"நான்தான் சார். குமிழ் அழகா இருக்கேன்னு வெளிய பாத்து மாட்டிட்டேன். ஸ்க்ரூ பாக்க நல்லால்லன்னு போடல. எம்மேலதான் தப்பு."

மேலே டார்ச் வெளிச்சம் பூட்டுப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், ரேவதியை மறந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கண்ணில் துரு விழுந்தது.

"முப்பது வருஷமா ஓட்டல் ஓட்டலா ஏறி எறங்குறேன்" என்றார் கடைசியில். "யாரு செஞ்சதுன்னு கேட்டா சமையக்காரன் க்ளீனரைக் காட்டுவான். க்ளீனர் பூனையைக் காட்டுவான். நான்தான்னு ஒருத்தன் சொல்லி இப்பதான் கேக்குறேன்." கையை விட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். "இனிமே சார்னு கூப்பிடாதே, மாமான்னு சொல்லு. எந்திரிச்சு வா, சட்டை நாசமாப் போச்சு."

நான் உடனே எழுந்திருக்கவில்லை. அப்பாடா என்று அந்தக் கிரீஸிலேயே கிடந்தேன். அத்தனை நிம்மதியாக நான் மெத்தையில்கூடப் படுத்ததில்லை. மேலே பூட்டு திறந்தது. "கதவுக்கு ஒண்ணும் பற்றியில்லல்லோ?" என்று, கதவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதைத்தான் சேச்சி விசாரித்தார்.

கல்யாணமாகி ஆறு வருடமாகிறது. மாமா உள்ளே இருந்தது மிஞ்சினால் பத்து நிமிடம். போன ஓணத்துக்கு அவர் சொன்ன கணக்கில் அது ஒன்றரை மணி நேரம். திருத்தாதே என்று ரேவதி கண்ணைக் காட்டுவாள். நான் ஏன் திருத்தப் போகிறேன்? ஒரே ஒரு தொல்லைதான். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் குளியலறைக் கதவைத் தாழ்போட மாட்டார். ஒருக்களித்து வைத்துவிட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, "மாப்ள, அங்கதானே இருக்கீங்க?" என்பார். "இருக்கேன் மாமா" என்று நான் வெளியிலிருந்து பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் வீட்டிலிருந்து ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது மைக்கை அணைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து காக்கநாட்டில் மேனேஜர் யார் பெயரைக் கூப்பிட்டாலும் சரி, தமிழே தெரியாத மலையாளிகள்கூட "இருக்கேன் மாமா" என்றுதான் சொல்கிறார்கள்.